விட்டுப்போனவர்களிடம் மூன்று கேள்விகள்

மழைக்காலத்தில் ஊருக்கெல்லாம் நனைகிற கவலை, சலவைக்கடைக்குக் காய்கிற கவலை. அந்த வருஷம் பிடித்த மழை விடவே இல்லை. எங்கள் சந்தில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. சலவைக்கடைக்கு மேலேதான் கடைக்காரர் வீடு. கூடம், படுக்கையறை, படிக்கட்டின் கைப்பிடி என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஊராருடைய சட்டைகள் தொங்கின. சோறு தின்ன உட்கார வேண்டுமென்றாலும் யாரோ ஒருவருடைய கால்சட்டையை ஒதுக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

எனக்கும் அந்தக் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஜிப் மாற்றுவது, பொத்தான் வைப்பது, இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது, விட்டுக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. ஊரில் யார் இளைக்கிறார், யார் ஊதுகிறார் என்பது டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஆவியில் இஸ்திரி போடுகிற பிரஸ்ஸை மூடித் திறக்கிற 'உஸ்' சத்தம் நாள் முழுக்க என் காதில் விழும். அது நின்றால்தான் நான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன்.

சலவைக்கடை அண்ணனுக்குத் தெருவில் 'பாய்லர்' என்று பட்டப்பெயர். பாய்லர் பக்கத்திலேயே நிற்பவர் என்பது ஒன்று, அதைவிடச் சீக்கிரம் கொதிப்பவர் என்பது இன்னொன்று. "காலர் அழுக்குப் போகலையே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "அழுக்கு என் சோப்புலயா இருக்கு, உங்க கழுத்துல இருக்கு" என்பார். ஆள் கெட்டவர் இல்லை. வாய்தான் கெட்டது. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அவர்களுக்கு ஒரே மகள். கல்யாண வயது வந்தும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பள்ளிக்கூடப் பையோடு கவுண்டரில் நிற்கத் தொடங்கியவள், பிறகு அங்கேயே நின்றுவிட்டாள். என்னை ஜிப்பத்தை என்று கூப்பிடுவாள். கழுதை, அந்தப் பெயரைத் தெருவுக்கே பரப்பிவிட்டாள்.

செல்போனில் சொன்னால் வீட்டு வாசலுக்கே வந்து துணி எடுத்துப்போகிற கம்பெனி ஒன்று ஊருக்குள் வந்தது. கடையில் துணி குறைய ஆரம்பித்தது. பாப்பாதான் அப்பாவைச் செல்போன் வழியாக நடக்கிற ஒரு வியாபாரப் படிப்பில் சேர்த்துவிட்டாள். "அப்பா, இதை முழுசா படிங்க. அப்புறம் உக்காந்து பேசுவோம், கடையை என்ன பண்றதுன்னு" என்றாள். ஐந்தாவதோடு படிப்பை விட்ட மனிதர். "எனக்குச் சொல்லித்தர இவன் யாரு?" என்று பாடம் நடத்துகிறவனை முறைத்துவிட்டு முதல் பாடத்தைப் பாதியில் அணைத்தார்.

அதற்கப்புறம்தான் அந்தக் கோட்டு வந்தது. மறுநாள் கல்யாணம், மாப்பிள்ளையின் கோட்டு. பாப்பா ஜிப் மாற்ற வேண்டிய கால்சட்டைகளைத் தூக்கிக்கொண்டு என் கடையில் நின்றாள். இரண்டு பேர் மூக்கிலும் ஒரே நேரத்தில் பொசுங்கல் வாடை ஏறியது. "ஐயோ, அப்பா எதையோ பொசுக்கிட்டாரு அத்தை" என்று ஓடினாள். நானும் பின்னால் போனேன். அண்ணன் கையில் கோட்டு. முதுகில் பிரஸ்ஸின் மூக்கு அப்படியே அச்சாக விழுந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா மாப்பிள்ளையின் அப்பா வாசலில் வந்து நிற்க வேண்டும்?

"பொண்ணுங்க சார். சின்னப்புள்ள, கவனிக்காம பொசுக்கிட்டா" என்றார் அண்ணன்.

"அவ என் கடையிலதானே நின்னுக்கிட்டிருந்தா" என்றேன் நான்.

"நீ போய் உன் ஜிப்பைப் பாரும்மா" என்றார். பிறகு மகளிடம், "என்ன மரம் மாதிரி நிக்கிற? சார்கிட்ட மன்னிப்புக் கேளு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா நனைந்த விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள், உதறியபடியே நின்றுவிட்டாள். "மன்னிச்சுக்கோங்க சார்" என்றாள் பாப்பா. அன்றைக்கு மிச்சமிருந்த துணிக்கெல்லாம் அடையாளச் சீட்டுக் குத்தி முடித்தாள். மறுநாள் காலையில் அவள் இல்லை. துணி எடுக்கிற அந்தக் கம்பெனியிலேயே, ஊரின் மறுகோடியில் இருந்த கிளையில், துணி பிரித்துச் சீட்டுக் குத்துகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று எனக்குத்தான் முதலில் போன் வந்தது.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"மொதலாளியே எரிச்சான்னா நாளைக்கு எவன் துணி போடுவான்? புள்ள எரிச்சான்னா ஒரு திட்டோட போயிடும். அவளுக்குப் புரியும்னு நெனச்சேன்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாப்பாவின் அறையில் கயிறு கட்டி ஈரத்துணியைத் தொங்கப்போட்டாள். "அந்த ரூம்லயா?" என்று கேட்டேன். "மழை பெய்யுதுல்ல" என்றாள். பிரஸ்ஸை மிதிப்பாள், தூக்குவாள், மடிப்பாள். ஒருநாள் ஆவி பட்டு முழங்கை சிவந்து கிடந்தது. "எரியலையா அக்கா?" என்றேன். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியலையே" என்றாள்.

மகள் போன பிறகுதான் அண்ணன் அந்தப் படிப்பைக் கையில் எடுத்தார். எடுத்தார் என்றால் அப்படி எடுத்தார். பாய்லர் சூடேறுகிற வரைக்கும் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பாடம் பார்ப்பார். வட்டக்கழுத்துப் பனியன் போட்ட ஒரு பையன் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவான். அவன் "நண்பர்களே" என்றால் அண்ணன் "ம்" என்பார். அக்கா ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைப்பாள். ரொட்டி ஆவியில் நமுத்துப்போகும்.

"பள்ளிக்கூடத்துல உக்காராததுக்கும் சேத்து இப்ப உக்காருறாரு" என்பாள் அக்கா. சிரிக்காமல்தான் சொல்வாள்.

முகமலர்ச்சி பற்றி ஒரு பாடம். அண்ணன் கவுண்டரில் நின்று வருகிறவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்ட ஆரம்பித்தார். ஒரு பாட்டி பயந்துபோய் என் கடைக்குள் வந்து, "அவருக்கு வாய் இழுத்துக்கிச்சா?" என்று கேட்டாள். அடுத்து, போட்டியாளரை அறிய அவருடைய வாடிக்கையாளராக இருந்து பாருங்கள் என்று ஒரு பாடம். உடனே தன்னுடைய நீலச் சட்டை ஒன்றை அந்தக் கம்பெனிக்கே சலவைக்கு அனுப்பினார். சலவைக்கடைக்காரர் வீட்டு வாசலுக்கே சட்டை வாங்கிப்போக வந்த ஆள், பலகையைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். "சார், விலாசம் இதுதானா?" என்றான்.

சட்டை திரும்பி வந்தது. அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார்.

"இந்தச் சீட்டைப் பாரும்மா."

காலருக்குள் குண்டூசியால் குத்தியிருந்த காகிதச் சீட்டு. சும்மா குத்தினால் ஊசிமுனை வெளியே நீட்டிக்கொண்டு, எடுத்து மாட்டுகிறவர் கழுத்தில் குத்தும். பாப்பா மட்டும் சீட்டின் ஓரத்தை மடித்து, முனையைக் காகிதத்துக்குள் புதைத்துவிடுவாள். அவள் தானாகக் கண்டுபிடித்த வேலை அது. வேறு எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

"அவதான்" என்றேன்.

"அவதானே" என்றார். அந்தச் சட்டையை அவர் மறுவாரமும் அனுப்பினார். அதற்கடுத்த வாரமும் அனுப்பினார். அழுக்கானதா, ஒன்றா? போட்டதே இல்லை. மடிப்புக் கலையாத சட்டையைத் திரும்பத் திரும்ப வெளுக்க அனுப்பி, சீட்டு வந்ததும் முனை புதைந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அக்காவிடம் காட்டுவார். அவளும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள்.

அப்புறம் வந்ததுதான் அந்தப் பாடம். விட்டுப்போன வாடிக்கையாளரைத் தேடிப் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எங்களிடம் உங்களுக்குப் பிடித்தது எது? எது குறை? என்ன செய்தால் திரும்ப வருவீர்கள்? பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கம் சொல்கிறவன் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்கிறான், நண்பர்களே. அவர் சொல்வது தப்பாகவே இருந்தாலும் கேட்டுக்கொண்டு, 'சொன்னதற்கு நன்றி' என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். நானும் பொத்தான் தைத்தபடி சுவர் வழியாகக் கேட்டதுதான்.

அண்ணன் பல் டாக்டரிடம் போனார். வெள்ளைக் கோட்டுகளை அண்ணனிடம் சலவைக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் சண்டையாகிக் கம்பெனிக்கு மாறியவர். திரும்பி வரும்போது அண்ணன் முகம் வெளுத்திருந்தது.

"என்னண்ணே சொன்னாரு?"

"நாயைவிடக் கேவலமாக் குரைக்கிறேன்னு சொன்னாரு."

"நீங்க?"

"சொன்னதுக்கு நன்றி சார்னேன்."

"நீங்களா!"

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சும்மா. கடிச்சுக்கிட்டேன்."

அந்த வாரமே டாக்டர் வெள்ளைக் கோட்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். "மனுஷன் மாறிட்டீங்க" என்று அண்ணன் தோளில் தட்டிவிட்டுப் போனார். சாமி பிரசாதம் மாதிரி அந்த மூட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அண்ணன் நின்றார். அதற்குப் பிறகு அந்தப் பாடத்துப் பையன் சொன்னது அவருக்கு வேதவாக்கு.

"இன்னும் ஒரு ஆள்கிட்ட கேக்கணும். யாரைக் கேக்கலாம்?" என்று அன்றைக்கு மதியம் சாப்பிடும்போது கேட்டார். நான் மேலே ஒரு பாவாடையைக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"நம்ம வீட்டை விட்டும் ஒரு ஆள் போயிருக்குல்ல."

மேலே தொங்கிய சட்டைக் கையிலிருந்து ஒரு சொட்டு அண்ணன் சோற்றில் விழுந்தது.

"அவகிட்டயும் கேளுங்க. திட்டினா வாங்கிக்கங்க. எனக்கு அவ வந்தாப் போதும்."

"வருவாளா?"

"பல் டாக்டர் வந்தாருல்ல?"

எனக்கு என்னவோ அது சரியாகப் படவில்லை. ஆனாலும் போன் போட்டுச் சொன்னது நான்தான். பாப்பா, "வரச்சொல்லுங்க அத்தை. நீங்களும் வாங்க" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மூன்று பேரும் பஸ் ஏறினோம். அக்கா ஒரு டப்பாவில் முட்டை அவித்து எடுத்துக்கொண்டாள். அண்ணன் அந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தார். பஸ்ஸில் அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. கேள்விகளை ஒப்பிக்கிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, அந்தக் கோட்டு விஷயத்தை நீங்களே பேசிடுங்க. மத்ததெல்லாம் தன்னால வரும்" என்றேன்.

"எல்லாம் முறைப்படி கேப்பேன். நீ சும்மா வா" என்றார்.

சைக்கிள் கடை மாடியில் பாப்பாவின் அறை. கூட வேலை பார்க்கிற பெண் வெளியே போயிருந்தாள். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஜன்னலில் காய்கிற உள்பாவாடைகள். எங்களைப் பார்த்ததும் அவற்றை உருவிக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். மெலிந்திருந்தாள். இடுப்பில் நாலு விரற்கடை பிடிக்க வேண்டும் என்று என் கண் தானாக அளந்தது.

"உக்காருங்க" என்றாள். தேநீர் போட்டாள். அக்கா முட்டை டப்பாவை மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

"சாப்பிடுறியா ஒழுங்கா?"

"சாப்பிடுறேம்மா. உன் கை என்ன?"

"ஆவி பட்டுச்சு."

"பிரஸ்ல நீயா நிக்கிற?"

"வேற யாரு நிப்பா?"

அண்ணன் செல்போனை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "பாப்பா, பதிவு பண்ணிக்கலாமா? கேட்டுட்டுத்தான் பண்ணணும்னு பாடத்துல சொல்லியிருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அந்த அறையில் அன்றைக்குக் கேட்ட ஒரே சிரிப்பு அது. "பாடத்தையெல்லாம் பாக்குறீங்களாப்பா?"

"முடிக்கப்போறேன். எதையும் விடல."

அவள் முகம் இளகியது. நான் என் கண்ணால் பார்த்தேன். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டுக்கொண்டு, "சரி, கேளுங்க" என்றாள்.

"நம்ம கடையில உனக்குப் பிடிச்சது எது?"

"குளிர்ல காலங்காத்தால பாய்லர்கிட்ட நிக்கிறது. சூடா வர்ற விரிப்புல மூஞ்சிய வச்சுக்கிறது. அம்மா பாடுறது. இப்பப் பாடுறியாம்மா?"

அக்கா சேலைத்தலைப்பை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள்.

"எது கொறை?" என்றார் அண்ணன்.

பாப்பா தேநீரைக் கீழே வைத்தாள். வெளியே தூறல் ஓட்டின்மேல் விழுகிற சத்தம். "நான் ஒண்ணு கேக்குறேன், அதையே என் பதிலா வச்சுக்குங்க. அன்னிக்குப் பிரஸ்ல நின்னது யாருப்பா?"

அண்ணன் அவளையே பார்த்தார்.

"எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும். கோட்டு போச்சுன்னு எனக்குக் கவலை இல்ல. நீங்க வியாபாரத்துக்காகச் சொன்னீங்க, சரி. அன்னிக்கு ராத்திரி வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு உக்காந்திருந்தேன். அவசரத்துல சொல்லிட்டேன் பாப்பான்னு. வந்தீங்க, விளக்கை அணைச்சீங்க, போயிட்டீங்க. அதான் கொறை. அங்க இப்ப எது கருகினாலும் நெஞ்சு அடிச்சுக்குது, என் மேலதான் சொல்லப்போறாங்கன்னு."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவள் காத்திருந்தது எருமைக்குக்கூடப் புரிந்திருக்கும். அண்ணனின் வாய் திறந்தது. பிறகு கீழுதட்டைப் பல்லால் அழுத்தி மூடிக்கொண்டார். பல் டாக்டர் வீட்டில் கடித்தது போலவே கடித்தார்.

"ஏங்க..." என்றாள் அக்கா.

"இரு. குறுக்க பேசக்கூடாது."

"அண்ணே, வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க!" என்றேன் நான்.

"இரும்மா" என்று என்னையும் கையமர்த்தினார். மகள் பக்கம் திரும்பினார். கண் கலங்கி நின்றது. குரல் மட்டும் அந்தப் பையனுடைய குரல் மாதிரி வந்தது. "என்ன செஞ்சா நீ திரும்ப வருவ?"

"அதைத்தானேப்பா இப்பக் கேட்டேன்" என்றாள்.

மறுபடியும் காத்திருந்தாள். செல்போனில் நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"சொன்னதுக்கு நன்றி பாப்பா" என்றார் அண்ணன்.

"நன்றியா?" என்றாள். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினாள். திரும்பி வந்து, "தூறல் விட்டிருக்கு. கிளம்புங்க, பஸ் கிடைக்கும்" என்றாள். அக்கா அவள் கன்னத்தைத் தொட்டாள். அவள் நின்றாள், விலகவும் இல்லை, சாயவும் இல்லை.

திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். அண்ணன் மட்டும், "நல்லபடியாத்தான் கேட்டோம், இல்ல?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே நாலு சாத்துச் சாத்தியிருப்பேன். வயசில் மூத்தவராகப் போய்விட்டார்.

பதிவை அவர் படிப்புக்காரர்களுக்கு அனுப்பினார். அந்தப் பையன் எல்லோருக்கும் தெரிகிறபடி பாராட்டி எழுதியிருந்தான். சொந்த மகளிடமே ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் கேட்டிருக்கிறார், இதுதான் தொழில்முனைவோரின் முதிர்ச்சி, எல்லோரும் கைதட்டுங்கள். கைதட்டுகிற படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அண்ணன் அக்காவிடம் காட்டினார். அவள் ஈரக்கையால் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

நீலச் சட்டையை வழக்கம்போல அனுப்பினார். அது திரும்பி வந்த அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. தெருவில் எல்லோரும் துணி காயப்போட ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரஸ் சத்தம் நின்றிருந்தது. தலையைத் தூக்கினேன். அண்ணன் என் கடை வாசலில் நின்றார். கையில் சட்டை. விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

சீட்டு மடிக்காமல் குத்தியிருந்தது. ஊசிமுனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வேற யாராவது குத்தியிருப்பாங்கண்ணே. அவளுக்கு லீவா இருக்கும்" என்றேன். எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

அவர் நான் தைத்துக்கொண்டிருந்த கால்சட்டைமேல் சட்டையை வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான்தாம்மா எரிச்சேன்" என்றார்.

"என்னது?"

"அந்தக் கோட்டை. நான்தான் எரிச்சேன். ஃபேன் சத்தத்துல போன் அடிக்கிற மாதிரி இருந்துச்சுன்னு திரும்பினேன். திரும்பி வர்றதுக்குள்ள வாடை வந்துடுச்சு. பாப்பா கிட்டக்கூட இல்ல. நான்தான்."

"இதை ஏண்ணே எங்கிட்ட சொல்றீங்க? அன்னிக்கு அந்தப் புள்ள கேட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சே, அப்பச் சொல்ல வேண்டியதுதானே?"

"வாய் வரைக்கும் வந்துச்சும்மா. பஸ்ல பூரா அதைத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன்." விரலைச் சட்டையிலேயே துடைத்தார். "விளக்கம் சொல்லக்கூடாதே."

"அது விளக்கமாண்ணே? அது ஒத்துக்கிறதுண்ணே!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதில் தெரியாத கேள்விக்கு எழுந்து நிற்கிற மாணவன் முழி அது.

"அப்படி ஒண்ணு இருக்குன்னு பாடத்துல வரலையே" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பிரஸ்ஸை மூடினாள். 'உஸ்' என்று சத்தம் வந்தது.